பஞ்சுவின் இடது கை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான். நான் ஜன்னல் ஓரம், அவள் சுவர் ஓரம். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் டோக்கனைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கொலைகாரிகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பத்து மணிக்குள் நூறு கைகளைப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் நரம்பைத் தேட வேண்டும். குண்டுக் கையில் தென்படாது, ஒல்லிக் கையில் நழுவும், பயந்தவர் கையில் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்ததே நோயாளிகள்தான். ஊசி போனது தெரியவே தெரியாது, பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் முடிந்துவிட்டதென்று தெரியும் என்பார்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள்கூட, "நான் அந்த அம்மாகிட்டயே போய்க்கிறேன்" என்று எழுந்து அவள் வரிசைக்கு நழுவுவார்கள். எனக்குக் கோபம் வரும். வராமல் என்ன செய்யும், நானும் மனுஷிதானே. எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

அவளுடைய ரகசியம் ஊசியில் இல்லை, இடது கையில் இருந்தது. முன்கையின் உட்புறம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு வரியாகப் பச்சை குத்தியிருந்தாள். பூவோ பட்டாம்பூச்சியோ இல்லை, எழுத்து.

'போகாமல் இருப்பவர்கள் எல்லாரும் கட்டிப்போடப்பட்டவர்கள் அல்ல; சிலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.'

ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, நோயாளியின் கையை இடது கையால் தாங்கிப் பிடித்து, "இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க" என்பாள். அவர்களும் படிப்பார்கள். 'உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று முடிப்பதற்குள் ஊதா மூடிக் குழாயும் சிவப்பு மூடிக் குழாயும் நிறைந்திருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவளே ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுப்பாள்.

அந்த எழுத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. எதிரில் இருப்பவர் படிக்கத்தான் அது வாகு. அவள் குனிந்து பார்த்தால் தலைகீழாகத் தெரியும். கோணல்மாணலான எழுத்து வேறு. வந்த புதிதில் கேட்டேன். "ஏன்டி, யாராவது தன் கையில தனக்கே தலைகீழா எழுதிக்குவாங்களா?"

"எனக்குத்தான் மனப்பாடமாச்சேக்கா" என்றாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் கதைப் புத்தகம் படிக்கிற ஜாதி இல்லை. எனக்கு மருந்துச் சீட்டில் இருப்பதைப் படிக்கவே கண் போதவில்லை. அதனால் அது எந்தப் புத்தகத்தில் வருகிறது, யார் எழுதியது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. எழுதியவரே ஒருநாள் டோக்கன் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். சர்க்கரை பார்க்க வந்த மனிதர். தோள்பை, மூக்குக் கண்ணாடி, ஊசி என்றால் நடுக்கம். என் வரிசைக்குத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் போனார். "படிங்க" என்றாள். 'போகாமல் இருப்பவர்கள்' என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்து வேர்த்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தலையைத் தாங்கிப் படுக்கவைத்தேன். ஊசியைக் கண்டு மயங்கியவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். தன் வாக்கியத்தைக் கண்டு மயங்கியவர் இவர் ஒருத்தர்தான். கண் விழித்ததும் முதலில் சொன்னது, "இது நான் எழுதினது."

ஆறு மாதத்தில் கல்யாணம். எழுத்தாளர் என்றே நாங்கள் கூப்பிட ஆரம்பித்தோம். அதுவரை அவர் எழுதியது அந்த வரி வருகிற ஒரே கதைத் தொகுப்புதான். அதற்குப் பிறகும் அந்த ஒன்றுதான்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபம். இரண்டு திட்டு திட்டிவிட்டுக் கதையை முடித்துவிடுவேன். ஆனால் அந்த மனிதர் குரலை உயர்த்தியதே இல்லை. காலையில் எழுந்து அவளுக்குத் தேநீர் போட்டுக்கொடுப்பார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் இவர் கண் கலங்குவார். அவளைக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான். இரண்டு மணிக்கு எங்கள் வேலை முடியும், இரண்டு பத்துக்கு வாசலில் ஸ்கூட்டர் நிற்கும். மழை பெய்தாலும் நிற்கும். பதினோரு வருடத்தில் அவள் என்னோடு தெருமுனைக் கடைக்கு ஒரு தேநீர் குடிக்க வந்ததில்லை. "அவர் நிப்பார்க்கா" என்பாள். நிற்கிறவரைக் குறை சொல்ல முடியுமா? அதுதான் பிரச்சினை.

வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். இரண்டே அறை. முன்னறை அவருக்கு, மேஜை, புத்தகம், வெளிச்சம் எல்லாம் அங்கே. அவர் யோசிக்கும்போது குழாயைத் திறக்கக் கூடாது. பாத்திரம் ஊறிக்கொண்டு கிடக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் பின்ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். எனக்கு இருமல் வந்தது. அவள் என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இங்க இருமுங்கக்கா" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம். எழுத்தாளர்கள் கூடுகிற இடத்துக்கெல்லாம் அவளையும் கூட்டிப்போவார். பேச்சின் நடுவில், "என் வாசகி ஒருத்தி, என் வரியைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டாள். பிறகு என் வாழ்க்கையிலும் எழுதிக்கொண்டாள்" என்பார். கைதட்டுவார்கள். அவள் எழுந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக வந்து புத்தகத்தைக் கை பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். அவள் போனில் அந்தப் படங்களை ஒருநாள் காட்டினாள். நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் கைதான். ஒன்றில்கூட முகம் இல்லை. புத்தகத்தின் பின்னட்டையிலும் அந்தக் கைதான் அச்சாகியிருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது வேறொன்று. தலைமை மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி ஒன்று உண்டு. வேறு ஊரில் தங்கிப் படிக்க வேண்டும். முடித்தால் பதவி உயர்வு. மூன்று வருடத்துக்கு முன்னால் பொறுப்பு மருத்துவர் அவள் பெயரைத்தான் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அதை நான் மறக்கவில்லை, ஆனால் இப்போது அது பேச்சில்லை. மறுநாள் காலையில் விண்ணப்பத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலைக்கா. என் கையை எடுத்து மடியில வச்சிக்கிட்டு படிச்சார். போகாமல் இருப்பவர்கள்னு. அவ்வளவுதான்."

"நீ என்ன சொன்னே?"

"என் கையிலயே எழுதியிருக்கே. நான் என்ன சொல்றது?"

அவள் எது கேட்டாலும் இதே கதைதான். தம்பி வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருக்க வேண்டும் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரவில்லை என்றாலும், அவர் சண்டை போட மாட்டார். கையை எடுத்து வாசிப்பார். வெளியே யாராவது பூட்டிவைத்தால் உடைக்கலாம்; பூட்டு அவள் தோலிலேயே கிடக்கும்போது எங்கே போய் முட்டுவது? கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். ஆனால் அடுத்தவர் குடும்பத்தில் எவ்வளவு தூரம்தான் மூக்கை நுழைக்க முடியும். அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தப் புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சடிக்க ஒரு பதிப்பாளர் முன்வந்தார். எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெரிய விமர்சகர், ஒரு கூட்டத்தில், அந்த வரியைக் கண்ணீர் வியாபாரம் என்று சொல்லிவிட்டாராம். இவருக்கு மூன்று நாள் தூக்கமில்லை. நான்காம் நாள் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

'தங்குதலே தாழிடாத சிறை.'

பஞ்சு இதை என்னிடம் சொன்னபோது நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இப்படி ஒன்று எழுதுவதற்கு அந்த மனிதர் எங்கும் அலைய வேண்டியதில்லை, பின்னறையை எட்டிப் பார்த்தாலே போதும் என்று நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "மூணு வார்த்தைடி. மூணு வார்த்தைக்குள்ள நரம்பே கிடைக்காதே."

அவள் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். அந்த மூன்று வார்த்தைகளையும் யாரோ ஓவியரை வைத்து வளைத்து வளைத்து எழுதி வாங்கியிருந்தார். பழையதன் மேல் கறுப்புப் பட்டையாக அடித்து மறைத்துவிட்டு, அதற்கு மேலே இதைக் குத்த வேண்டும். சனிக்கிழமை புத்தக வெளியீடு. அன்றைக்கு மேடையில் புதுக் கையைக் காட்ட வேண்டும். அன்று வியாழக்கிழமை.

"உனக்குச் சம்மதமா?"

"புத்தகத்துல இல்லாத வரி கையில இருந்தா அவருக்கு அசிங்கமாம்."

"நான் உன்னைக் கேட்டேன்."

அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அன்று முழுக்க ஒருவரையும் படிக்கச் சொல்லவில்லை. இரண்டு பேர் ஆ என்று கத்தினார்கள். அவள் வரிசையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அன்று வேலை முடிந்ததும் பச்சை குத்துகிற கடைக்குப் போக வேண்டும். எழுத்தாளர் அச்சகத்தில் மாட்டிக்கொண்டதால் அவளோடு என்னைப் போகச் சொன்னார். "நீங்க கூட இருந்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்" என்றார். பதினோரு வருடத்தில் முதல்தடவையாக அவளும் நானும் சேர்ந்து தெருவில் நடந்தோம். போனது இதற்கு.

மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. சுவர் முழுக்கச் சிங்கம், டிராகன், யார் யாருடைய முதலெழுத்துகளோ. பச்சை குத்துகிறவர் ஐம்பது வயது ஆள். அவர் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் விடுவேனா, கேட்டேன். "இனிப்புக் கடைக்காரன் இனிப்பு திம்பானாம்மா?" என்றார். பஞ்சுவின் கையை விளக்குக்குக் கீழே இழுத்து வைத்தவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இது நான் குத்தினது."

"ஆமா" என்றாள் பஞ்சு.

"ஞாபகம் இருக்கு. எழுதின காகிதம் எதுவும் கொண்டாரலை நீங்க. கையிலயே பேனாவில எழுதியிருந்துது. அழிஞ்சு போயிருந்துது பாதி. அது மேலயே குத்துங்க, ஒரு எழுத்து நகரக் கூடாதுன்னீங்க. கோணலா இருக்கேம்மா, நான் நேரா எழுதித் தரேன்னேன். அதுக்கு அழுதீங்க." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இதையா மறைக்கச் சொல்றீங்க? யார் எழுதினது இது?"

அவள் வழக்கம்போல் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

அவளுடைய அப்பா நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சர்க்கரை வேறு. தினம் இரண்டு வேளை இவள்தான் ஊசி போட வேண்டும். படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவரோடு இருந்தாள். வந்தவர் போனவரெல்லாம், "பாவம், நல்லா மாட்டிக்கிட்டா" என்று அவர் காதில் விழவே சொல்லிவிட்டுப் போவார்கள். அவருக்கு அது பெரிய புண். ஒவ்வொரு ஊசிக்கும் அழுவார். வலிக்கு இல்லை. "என்னை எங்கயாவது சேர்த்துட்டு நீ போம்மா. உன்னைக் கட்டிப் போட்டுட்டேன்" என்று அழுவார்.

ஒருநாள் பொழுது போகாமல் ஒரு கதையை அவருக்கு வாசித்துக் காட்டினாள். இந்த வரி வந்தது. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தாள். அன்று அவர் அழவில்லை. மறுநாள் ஊசி நேரத்தில் மறுபடி ஆரம்பித்தார். இவள் பேனாவை எடுத்துத் தன் இடது கையில் அந்த வரியை எழுதி, ஊசி போடும்போது அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "இதைப் படிங்கப்பா." அவர் படிக்கப் படிக்க ஊசியைப் போட்டுவிட்டாள். அவர் படிக்கத்தான் தலைகீழாக எழுதப் பழகினாள். தினம் குளித்ததும் அழிந்துபோகும், தினம் எழுதுவாள். இரண்டு வருடம் எழுதினாள்.

"கடைசி நாள் காலையிலயும் படிச்சார். அவரைக் கொண்டு போனதுக்கப்புறம் எல்லாரும் என்னைக் குளிக்கச் சொன்னாங்க. குளிச்சேன். இந்தக் கையில மட்டும் தண்ணி படாம பிளாஸ்டிக் பை கட்டிக்கிட்டேன். மூணு நாள் அப்படியே வச்சிருந்தேன். நாலாம் நாள் இங்க வந்தேன்" என்றாள்.

பச்சை குத்துகிறவர் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்குத் துக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். என் பெண்ணின் பிரசவம் முதல் என் மூட்டுவலி வரை அவளுக்குத் தெரியும். அவள் என்னிடம் இதைச் சொல்லவில்லை.

"ஏன்டி எங்கிட்டகூடச் சொல்லலை?"

"அவர்கிட்ட மட்டும் சொன்னேன்க்கா. கல்யாணத்துக்கு முன்னாடி. கேட்டு அழுதார். இது பெரிய கதை, இதை நான் எழுதணும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே, சொன்னா ஆறிப் போயிடும்னார்."

"எழுதினாரா?"

"இன்னும் இல்லை."

பதினோரு வருடம். தன் அப்பாவைப் பற்றிப் பேசுவதற்கு இந்தப் பெண் பதினோரு வருடமாக அந்த மனிதர் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். கூட்டம் கூட்டமாகக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் எழுத்தாளர் மட்டும் கிடைத்திருந்தால் நரம்பு பார்க்காமல் ஊசி போட்டிருப்பேன்.

பச்சை குத்துகிறவர் சொன்னார்: "அம்மா, மை இருக்கு, மெஷின் இருக்கு. அரை மணி நேர வேலை. ஆனா கறுப்பு அடிச்சிட்டா அடிச்சதுதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ரெண்டு நாள் யோசிக்கணும். ஆனா வீட்டுக்கு இப்படியே போக முடியாது" என்றாள். அப்போதுதான் எனக்குக் குறுக்குப் புத்தி வேலை செய்தது. என் பையில் எப்போதும் கட்டுத்துணிச் சுருள் கிடக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, இருபத்தாறு வருட அனுபவத்தோடு, அழகாகச் சுற்றிக் கட்டினேன். புதிதாகக் குத்தினால் இரண்டு மூன்று நாள் மூடித்தானே வைக்க வேண்டும். "சனிக்கிழமைக்குள்ள நீயே அவர்கிட்ட சொல்லிடு" என்றேன். தலையாட்டினாள்.

அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கேட்டேன். "ராத்திரி முழுக்க, வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கிட்டு, கட்டு மேல ஊதிவிட்டார்க்கா. அவர்கிட்ட எப்படிச் சொல்றது" என்றாள். மேடையிலேயே தன் கையால் பிரித்துக் காட்டப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். கட்டைப் போட்டது நானல்லவா. அவளை வெளியே இழுக்கிறேன் என்று இன்னும் உள்ளே தள்ளிவிட்டேனோ என்று வெள்ளி முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

சனிக்கிழமை முதல்முறையாக நானும் இலக்கியக் கூட்டத்துக்குப் போனேன். எழுபது நாற்காலி, ஐம்பது பேர். எழுத்தாளர் நன்றாகத்தான் பேசினார். எழுத்தாளன் தன்னுடைய மிகப் புகழ்பெற்ற வாக்கியத்தையே கொல்லத் துணிய வேண்டும் என்றார். பிறகு அவளை மேடைக்குக் கூப்பிட்டார். கத்தரிக்கோலால் என் கட்டை வெட்டினார். துணி ஒவ்வொரு சுற்றாகக் கழன்று விழுந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் கையைத் தூக்கிப் பிடித்தார். அவர் கையைப் பார்க்கவில்லை.

முன்வரிசையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சத்தமாகவே வாசித்தார், நோயாளிகள் வாசிப்பது மாதிரி, ஒரு வார்த்தை விடாமல். வாசித்துவிட்டுப் புதுப் புத்தகத்தைப் புரட்டினார். "இது எத்தனையாவது பக்கத்துல வருது சார்?"

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். "நீ குத்திக்கலையா?" என்றார். மைக் முன்னால் இருந்தது. ஐம்பது பேருக்கும் கேட்டது.

"இல்லை" என்றாள். அதுவும் கேட்டது.

"அது... அது இப்ப இந்தப் புத்தகத்தில் இல்லை" என்று மென்று விழுங்கினார்.

"அப்ப அவங்க கையில ஏன் இருக்கு?" என்று ஆசிரியை கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யாரும் அதுவரை அவளிடம் கேட்காத கேள்வி. பஞ்சு மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு அந்த மாடிக் கடையில் எங்களுக்குச் சொன்னதைச் சொன்னாள். அங்கே சொன்னதைவிடச் சுருக்கமாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிளாஸ்டிக் பை வந்த இடத்தில் ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். படம் எடுக்க எழுந்து வந்த இரண்டு பேர் போனைத் தாழ்த்திக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுத்தாளர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது, "அது நான் எழுத வேண்டிய கதை" என்றாராம்.

"எழுதியிருக்கலாமே. நான் தடுக்கலையே" என்றாளாம் இவள்.

திங்கட்கிழமை, அந்த ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அறிவிப்புப் பலகையில் ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த காகிதம். நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அன்று காலை உள்ளே வந்ததும் பையிலிருந்து பூர்த்தி செய்த விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்க்கா. பழக்கதோஷம், கையை எடுத்தார். போகாமல் இருப்பவர்கள்னு ஆரம்பிச்சார். அதுதான் உங்க புத்தகத்துலயே இல்லையேன்னேன்." சாம்பல் மூடிக் குழாய்களை வரிசையாக அடுக்கினாள். "கையை விட்டுட்டார்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் சிவப்புப் பேனாவால் கெட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். விடுதியில் தன் அறைக்கு இரண்டு ஜன்னல் என்று முதல் வாரத்தில் மூன்று தடவை சொன்னாள். பயிற்சி முடிந்ததும் அந்த வீட்டுக்கே திரும்பி வருவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் போன முதல் நாளே நோயாளிகள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். படிக்கிற கை எங்கே, படிக்கிற கை எங்கே என்று ஒரே பாட்டு. ஒரு லாரி ஓட்டுநர், ஆறடி ஆள், அந்த அம்மா இல்லாமல் தர மாட்டேன் என்று டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் வீட்டில் உட்கார்ந்து என் இடது கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். எதிரில் இருப்பவர் படிக்கும்படி எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. எழுத்து நண்டு ஊர்ந்தது மாதிரி வருகிறது. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடுகிறது, காலையில் மறுபடி எழுதுகிறேன்.

போன வாரம் எழுத்தாளர் வந்தார், சர்க்கரை பார்க்க. இளைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் புதுப்பெண். அவளிடம் போகாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். நான் பட்டையைக் கட்டினேன். நான் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க சார்."

குனிந்து பார்த்தார். பிறகு படிக்க ஆரம்பித்தார். 'சிலர் பக்கத்தில்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அதற்குள் நான் எடுத்து முடித்துவிட்டேன். பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்றேன். அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த டோக்கன்காரர் வந்து தோளைத் தொடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.